லாங் பீச் நகர மண்டபத்தின் 40 ஆண்டுக் கணக்கு

கலிபோர்னியாவின் லாங் பீச் நகரம் 2019 ஜூலை இறுதியில் புது நகர மண்டபத்துக்குக் குடிபோனது. 11 மாடியில் நகர நிர்வாகம், ஒட்டினாற்போல் இன்னொரு 11 மாடியில் துறைமுக நிர்வாகம், செப்டம்பரில் திறந்த தலைமை நூலகம், புதுப்பித்த லிங்கன் பூங்கா. எல்லாம் சேர்த்துச் சுமார் 52 கோடி டாலர் திட்டம். நான்கரை லட்சம் பேர் வாழும் நகரத்துக்கு இது பெரிய தொகை. ஆனாலும் இதற்காக நகரம் புது வரி போடவில்லை, சொந்தப் பெயரில் கடன் பத்திரம் வெளியிடவில்லை, மக்களிடம் வாக்கெடுப்பும் நடத்தவில்லை. கட்டி முடித்துச் சாவியைக் கையில் கொடுத்த பிறகுதான் பணம் கொடுக்கவே ஆரம்பித்தது. இன்னும் பல பத்தாண்டுகளுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

இந்த ஏற்பாடு நல்லதா கெட்டதா என்பதில் நகர நிதி தெரிந்தவர்களே இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். கட்டடம் எவ்வளவு ஆனது என்ற ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு பேசினால் இந்த விவாதம் எங்கும் போகாது. அந்த எண் எந்த ஆண்டு, யார் தலையில், எவ்வளவு வட்டியோடு விழுகிறது, அதில் பராமரிப்பு சேர்ந்திருக்கிறதா இல்லையா என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில், பழைய கட்டடத்தை ஏன் விட்டார்கள் என்று பார்க்க வேண்டும். 1933 மார்ச் 10 மாலை, 6 மணி ஆவதற்குச் சில நிமிடம் இருக்கும்போது லாங் பீச்சை 6.4 அளவு நிலநடுக்கம் தாக்கியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பள்ளிக் கட்டடங்கள் வரிசையாகச் சரிந்தன. வகுப்பு முடிந்து பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருந்ததால்தான் பலி எண்ணிக்கை அதோடு நின்றது. ஒரே மாதத்தில் மாநிலம் பள்ளிக் கட்டடங்களுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தது. ஃபீல்டு சட்டம் என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில், 1970களில் எழுந்த நகர மண்டபக் கோபுரத்தைப் பொறியாளர்கள் 2000களின் நடுவில் ஆராய்ந்து, பெரிய நிலநடுக்கம் வந்தால் ஆபத்து என்று அறிக்கை கொடுத்தார்கள். பக்கத்து நூலகத்தில் கூரைத் தோட்டத்தின் வழியாக மழைநீர் ஒழுகுவது வேறு பல காலப் பிரச்சினை. துறைமுக நிர்வாகத்தின் பழைய கட்டடத்துக்கும் நிலநடுக்க ஆபத்து இருந்ததால், அவர்கள் 2014லேயே அதைக் காலி செய்துவிட்டுத் தற்காலிக அலுவலகத்துக்கு மாறினார்கள்.

அப்படியே வலுப்படுத்தியிருக்கக் கூடாதா? முடியும். ஆனால் அதற்கும் கோடிக்கணக்கில் செலவாகும், வேலை நடக்கும்போது ஊழியர்களை வேறு இடத்தில் வாடகைக்கு வைக்க வேண்டும், எல்லாம் முடிந்த பிறகும் பழைய குழாய், பழைய மின்கம்பி, பழைய லிஃப்ட்தான் மிஞ்சும். ஒன்றும் செய்யாமல் இருந்தால் காசு மிச்சம் என்று தோன்றும், ஆனால் அதற்கும் விலை உண்டு. குழாய் வரி கட்டவும், கட்டட அனுமதிக்கும், உரிமம் புதுப்பிக்கவும் ஆயிரக்கணக்கானோர் வந்துபோகிற கட்டடம் அது. உள்ளே உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களும் நகரத்தின் ஊழியர்கள். ஆபத்து என்று எழுத்தில் அறிக்கை வந்த பிறகும் அவர்களை அங்கேயே வைத்திருப்பது எந்த நிர்வாகத்துக்கும் தகாது.

சரி, பணம். கலிபோர்னிய நகரங்களுக்கு இங்கேதான் முட்டுக்கட்டை. மாநில அரசியலமைப்பின் 16ஆம் பிரிவு, 18ஆம் விதிப்படி, ஒரு நகரம் தன் அந்த ஆண்டு வருமானத்தை மீறிக் கடன்படுவதானால் வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதிக்க வேண்டும். பள்ளிக்கு, தீயணைப்பு நிலையத்துக்கு, பூங்காவுக்கு என்றால் மக்கள் கை தூக்குவார்கள். அதிகாரிகள் உட்காரும் கட்டடத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு திரட்டுவது எந்த ஊரிலும் லேசில்லை. போதாததற்கு, நகர மையத்தைச் சீரமைக்க நகரங்கள் நம்பியிருந்த மறுமேம்பாட்டு முகமைகளை 2012 பிப்ரவரியில் மாநிலம் கலைத்துவிட்டது. அந்தக் கதவும் மூடிப்போனது.

இந்த விதியைத் தாண்ட நகரங்கள் வெகுகாலமாகக் கையாளும் வழி ஒன்று உண்டு. நகரமே நிதி ஆணையம் என்று தனி அமைப்பு ஒன்றை உருவாக்கும். ஆணையம் கடன் பத்திரம் வெளியிட்டுக் கட்டடம் கட்டும். நகரம் அந்தக் கட்டடத்தை ஆணையத்திடம் குத்தகைக்கு எடுத்து, ஆண்டுதோறும் வாடகை கட்டும். பத்திரம் வாங்கியவர்களுக்கு அசலும் வட்டியும் அந்த வாடகையிலிருந்து போகும். ஒவ்வோர் ஆண்டு வாடகையும் அந்தந்த ஆண்டில் கட்டடத்தைப் பயன்படுத்துவதற்கான கட்டணம் என்பதால், இது நீண்ட காலக் கடன் அல்ல என்று நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. கட்டடம் பயன்படுத்த முடியாத நிலைக்குப் போனால் வாடகையும் நின்றுபோகும். பத்திரக்காரர்கள் அந்த ஆபத்துக்காகக் கொஞ்சம் கூடுதல் வட்டி கேட்பார்கள். சட்டப்படி இது சரி. ஆனால் மக்களிடம் கேட்காமலே 30 ஆண்டுக்குக் கடமை ஏறுகிறது என்பதையும் மறைக்க முடியாது.

சான் ஹோசே நகரம் இந்த வழியில்தான் போனது. நகர மண்டபத்தை ஊர் மையத்துக்குக் கொண்டுவரலாமா என்று 1996இல் மக்களிடம் கேட்டார்கள். புது வரி கிடையாது, வாடகைக் கட்டடங்களைக் காலி செய்வதில் மிச்சமாகும் பணத்தில் செலவைச் சரிக்கட்டுவோம் என்பது நிபந்தனை. மக்கள் சரி என்றார்கள். ரிச்சர்டு மையர் வரைந்த 18 மாடிக் கட்டடம் 2005இல் திறந்தபோது செலவு 38.2 கோடி டாலர். இடையில் டாட்காம் எனப்பட்ட இணைய நிறுவனங்களின் வீழ்ச்சி வந்து நகரத்தின் வருமானமே சுருங்கியிருந்தது. அங்கே நடந்த இன்னொரு விஷயத்துக்குக் கீழே வருகிறேன். லாங் பீச் வேறு வழியை ஏன் தேடியது என்பது அதைப் பார்த்தால் புரியும்.

லாங் பீச் செய்தது இதுதான். தனியார் கூட்டணிகளைப் போட்டிக்கு அழைத்தது. நீங்களே வடிவமையுங்கள், நீங்களே பணம் புரட்டிக் கட்டுங்கள், 40 ஆண்டு நீங்களே பராமரியுங்கள், நாங்கள் ஆண்டுக் கட்டணம் தருகிறோம், கடைசியில் கட்டடத்தை நல்ல நிலையில் எங்களிடம் ஒப்படையுங்கள் என்பது நிபந்தனை. முக்கியமாக இன்னொன்றும் சொன்னது: பழைய கட்டடத்தை நடத்தவும் வெளியே வாடகை கட்டவும் ஆண்டுதோறும் எங்களுக்கு ஆகும் செலவு, விலைவாசி உயர்வையும் சேர்த்து எவ்வளவோ, அந்த அளவுக்குள் உங்கள் கட்டணம் அடங்க வேண்டும். 2014 டிசம்பரில் பிளெனரி–எட்ஜ்மூர் கூட்டணியைத் தேர்ந்தெடுத்தார்கள். வடிவமைப்பு ஸ்கிட்மோர், ஓவிங்ஸ் அண்ட் மெரில் நிறுவனம், கட்டுமானம் கிளார்க், பராமரிப்பு ஜான்சன் கன்ட்ரோல்ஸ். 2015 டிசம்பரில் நகர மன்றம் ஒப்புதல் தந்தது. 2016 ஏப்ரலில் நிதி ஒப்பந்தம் கையெழுத்தானது. மூன்றே கால் ஆண்டில் வேலை முடிந்தது. அரசுக் கட்டடத்துக்கு இது நல்ல வேகம்.

இந்தக் கூட்டணிக்கு நகரம் கொடுத்தது கட்டணம் மட்டுமல்ல. பழைய வளாகத்தின் ஒரு பகுதி நிலமும் தனியார் வீடு, கடைகள் கட்டுவதற்காகத் திட்டத்தில் சேர்ந்தது. நகர மையத்தில் நிலம் என்பது காசுதான். ஆகவே 'புதிதாக ஒரு காசும் செலவில்லை' என்ற வகைப் பேச்சைக் கேட்கும்போது, நிலத்தின் மதிப்பை எந்தப் பக்கம் எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட வேண்டும்.

இந்த ஒப்பந்த முறையின் உயிர் கட்டணத்தில் இருக்கிறது. கட்டடம் பயன்பாட்டுக்குத் தயாராக இருந்தால் மட்டும் பணம். வேலை தாமதமானால் கட்டணமும் தாமதம், அந்தக் காலத்துக்கான வட்டி கட்டடக்காரர் பாடு. திறந்த பிறகும் அப்படியே. இத்தகைய ஒப்பந்தங்களில் ஒவ்வோர் அறைக்கும் வெப்பநிலை எந்த அளவுக்குள் இருக்க வேண்டும், லிஃப்ட் நின்றால் எத்தனை மணி நேரத்துக்குள் ஓட வேண்டும், ஒழுகினால் எவ்வளவு சீக்கிரம் அடைக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். காலக்கெடு தாண்டினால் அந்த மாதக் கட்டணத்தில் பிடித்தம். மன்றக் கூட்டம் நடக்கும் அரங்கு மூடிக்கிடந்தால் பிடித்தம் அதிகம், சாமான் அறை மூடிக்கிடந்தால் குறைவு. தன் சொந்தப் பணத்தை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அந்தப் பிடித்தம் வலிக்கும், அதனால் பழுது பார்ப்பார்கள். இந்தியாவில் 2016 முதல் நெடுஞ்சாலைகளுக்கு வந்த ஹைபிரிட் ஆன்யுட்டி முறை இதற்குத் தூரத்து உறவு. அங்கே 40 சதவீதத்தை அரசு கட்டுமானத்தின்போதே கொடுத்துவிட்டு, மீதி 60 சதவீதத்தை 15 ஆண்டுகளில் தவணையாகத் தருகிறது. லாங் பீச் நகர மண்டபத்துக்கு முன்பணமே இல்லை, தவணைக் காலமும் 40 ஆண்டு.

கட்டுமானத்திலும் இதன் பாதிப்பு தெரிகிறது. நூலகத்தை ஏற்கெனவே இருந்த கார் நிறுத்தக் கட்டடத்தின் மேலேயே நிறுத்தினார்கள். இடித்துவிட்டு மறுபடி அடித்தளம் போடும் செலவு மிச்சம். ஆனால் பழைய தூண்கள் கான்கிரீட் நூலகத்தின் எடையைத் தாங்காது. ஆகவே பலகைகளை ஒட்டிச் செய்த பெரிய மர உத்திரங்களால் கட்டினார்கள். உள்ளே நின்று மேலே பார்த்தால் கூரை முழுக்க மரம்தான். அழகாக இருக்கிறது, எடையும் குறைவு. பிறகு அந்த ஊரில் பிறந்த டென்னிஸ் வீராங்கனை பில்லி ஜீன் கிங்கின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

இனி வட்டி. அமெரிக்காவில் நகரங்கள் வெளியிடும் கடன் பத்திரங்களின் வட்டிக்குப் பொதுவாக மத்திய வருமான வரி கிடையாது. அதனால் முதலீட்டாளர்கள் குறைந்த வட்டிக்கே பணம் தருகிறார்கள். தனியார் நிறுவனம் வாங்கும் கடனுக்கு அந்தச் சலுகை இல்லை. தன் சொந்த முதலுக்கு அது எதிர்பார்க்கும் லாபம் இன்னும் அதிகம். ஓர் உதாரணக் கணக்கு (லாங் பீச்சின் உண்மை வட்டி அல்ல, வித்தியாசத்தின் அளவு புரிவதற்காக மட்டும்): 10 கோடி டாலரை 4 சதவீத வட்டிக்கு 30 ஆண்டு சம தவணையில் கட்டினால் ஆண்டுக்குச் சுமார் 58 லட்சம், மொத்தம் 17.3 கோடி. அதே தொகையை 6 சதவீதத்துக்கு 40 ஆண்டு கட்டினால் ஆண்டுக்கு 66 லட்சம், மொத்தம் 26.6 கோடி. ஆண்டுத் தவணையில் 8 லட்சம்தான் வித்தியாசம், பட்ஜெட் கூட்டத்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மொத்தத்தில் 9 கோடிக்கு மேல் கூடிவிடுகிறது. அதனால்தான் ஆண்டுக் கட்டணத்தை மட்டும் காட்டும் அறிக்கையை நான் நம்புவதில்லை.

துறைமுக நிர்வாகம் இங்கே என்ன செய்தது என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவின் மிகப் பெரிய கன்டெய்னர் துறைமுகங்களில் ஒன்று அது, கையில் வருமானம் உண்டு. தன் 11 மாடிக் கட்டடத்துக்கான தொகையை, அது தயாரானதும் கொடுத்து முடித்துக்கொண்டது. ஒரே வளாகம், ஒரே ஒப்பந்ததாரர். காசு இருந்தவர் தவணைக்குப் போகவில்லை, காசில்லாதவர் 40 ஆண்டுத் தவணைக்குப் போனார். தனியார் பணம் விலை கூடியது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

அப்படியானால் இந்த முறை ஏன் லாபம் என்று ஆலோசகர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள்? ஒப்பீட்டுக் கணக்கில் இரண்டு இடங்களில் முடிவு தீர்மானமாகிவிடுகிறது. ஒன்று, எதிர்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்கு எந்த விகிதத்தில் குறைக்கிறார்கள் என்பது. 30 ஆண்டு கழித்துக் கொடுக்கப்போகும் 100 டாலர், 4 சதவீதத்தில் குறைத்தால் இன்றைக்கு 31 டாலர். 8 சதவீதத்தில் குறைத்தால் 10 டாலர். விகிதத்தைக் கூட்டினால், தவணையைத் தள்ளிப்போடும் எந்தத் திட்டமும் மலிவாகத் தெரியும். இரண்டாவது, அரசே கட்டினால் எஸ்டிமேட்டைத் தாண்டி எவ்வளவு எகிறும் என்ற அனுமானம். 'ஆபத்து' என்ற பெயரில் அரசுப் பக்கம் ஒரு பெரிய தொகையைக் கூட்டிவிட்டால், தனியார் பக்கம் தானாகவே ஜெயித்துவிடும்.

இது வெறும் சந்தேகம் இல்லை. லாங் பீச் நகர மண்டபத்திலிருந்து நடந்துபோகும் தூரத்திலேயே, இதே முறையில் கட்டிய மாநில நீதிமன்றக் கட்டடம் இருக்கிறது. 2013இல் திறந்த கவர்னர் ஜார்ஜ் டியூக்மேஜியன் நீதிமன்றம் அது. மாநிலச் சட்டமன்றத்தின் ஆய்வாளர் அலுவலகம் 2012இல் அதன் கணக்கைப் பிரித்துப் பார்த்தது. சில அனுமானங்களை மாற்றிப் போட்டால், வழக்கமான முறையிலேயே கட்டியிருந்தால் 16 கோடி டாலர் வரை குறைந்திருக்கலாம் என்று சொன்னது. அந்த அறிக்கை வெளியாகி இரண்டே ஆண்டில் லாங் பீச் நகரமும் இதே வழியைத் தேர்ந்தெடுத்தது.

இவ்வளவும் சொன்ன பிறகும், லாங் பீச் முட்டாள்தனம் செய்துவிட்டது என்று என்னால் சொல்ல முடியவில்லை. காரணம் சான் ஹோசே. அந்த நகரம் 2000இல் மக்கள் ஒப்புதலோடு 21.2 கோடி டாலர் கடன் பத்திரம் மூலம் கிளை நூலகங்களைக் கட்ட ஆரம்பித்தது. கட்டடங்கள் எழுந்தன. ஆனால் பத்திரப் பணத்தைக் கட்டுமானத்துக்கு மட்டும்தான் பயன்படுத்தலாம். நூலகருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. ஆண்டு பட்ஜெட் பற்றாக்குறையில் கிடந்ததால், கட்டி முடித்த நான்கு கிளைகள் திறக்காமலே கிடந்தன. 2013இல்தான் வரிசையாகத் திறந்தார்கள். அதே காலத்தில் 8 கோடி டாலருக்கு மேல் செலவழித்துக் கட்டிய காவல் துணைநிலையமும் ஆட்கள் இல்லாமல் பல ஆண்டு பூட்டிக்கிடந்தது. பெயர்ப் பலகை, பளபளக்கும் தரை, காலியான அலமாரிகள், வெளியே பூட்டு. வரி கட்டிய ஒரு குடும்பம் தன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அந்த வழியாகப் போகும்போது என்ன நினைத்திருக்கும்?

கட்டுவதற்குப் பணம் கிடைக்கும், நடத்துவதற்குக் கிடைக்காது. பொதுக் கட்டடங்களைப் பற்றி எனக்கிருக்கும் மிகப் பெரிய கவலை இதுதான். வருமானம் குறையும் ஆண்டில் நகர மன்றம் முதலில் வெட்டுவது கூரைப் பழுதையும் ஏசி மாற்றுவதையும்தான். அதை வெட்டினால் யாரும் தெருவில் இறங்க மாட்டார்கள். பத்து ஆண்டு இப்படி வெட்டினால் கூரை ஒழுகும், இருபது ஆண்டில் இடித்துவிடலாம் என்ற பேச்சு வரும். லாங் பீச்சின் பழைய வளாகம் நாற்பது சொச்சம் ஆண்டில் கைவிடப்பட்டது. புது ஒப்பந்தம் பராமரிப்புப் பணத்தை மன்றத்தின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கிறது. கூடுதல் வட்டி என்பது ஓரளவுக்கு அந்தக் கட்டுப்பாட்டுக்கான விலை. அதற்கு மறுபக்கமும் உண்டு. பெரிய மந்தம் வந்தாலும் நகர மண்டபத்துக்கான கட்டணத்தைத் தொட முடியாது. ஆகவே பூங்காக்காரர், நூலகர், குப்பை வண்டி ஆகியவற்றில்தான் கை வைக்க வேண்டிவரும். ஊழியர்கள் பாதிப் பேர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் காலம் வந்தாலும், 40 ஆண்டுக்கு ஒத்துக்கொண்ட இடத்துக்கு 40 ஆண்டும் கட்டணம் உண்டு.

சொந்தமும் வேண்டாம், தவணையும் வேண்டாம், வாடகைக்கு இருந்துவிடலாமே என்றால், அதையும் ஒரு நகரம் செய்து பார்த்தது. லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில், டவர் பிரிட்ஜ் பக்கத்தில், நார்மன் ஃபாஸ்டர் நிறுவனம் வடிவமைத்த சாய்ந்த கண்ணாடி மண்டபம் 2002இல் திறந்தது. கட்டியது 4.3 கோடி பவுண்டில். ஆனால் கட்டடம் லண்டன் நிர்வாகத்துக்குச் சொந்தமில்லை, 25 ஆண்டுக் குத்தகை. கொரோனா காலத்தில் வருமானம் சரிந்தபோது, குத்தகையிலிருந்து விலகும் வாய்ப்பு 2021 டிசம்பரில் வருவதைக் காட்டி, கிழக்கே ராயல் டாக்ஸ் பகுதியில் தங்களுக்குச் சொந்தமாக இருந்த கிறிஸ்டல் கட்டடத்துக்குப் போய்விடலாம், ஐந்து ஆண்டில் 5.5 கோடி பவுண்டு மிச்சமாகும் என்று மேயர் சாதிக் கான் 2020 ஜூனில் அறிவித்தார். போயும் விட்டார்கள். உலகமே படம் எடுத்துக்கொண்ட நகர மண்டபத்தை 20 ஆண்டு கூட முடியாமல் விட்டு வந்தார்கள். கட்டிய செலவைவிட அதிகமான தொகை ஐந்து ஆண்டில் மிச்சமாகிறது என்றால், அத்தனை ஆண்டு வாடகையும் பராமரிப்புக் கட்டணமும் எவ்வளவு போயிருக்கும் என்று பார்த்துக்கொள்ளலாம். ஆனால் நெருக்கடி வந்தபோது அவர்களால் கிளம்ப முடிந்தது. லாங் பீச்சால் அப்படிக் கிளம்ப முடியாது.

என்னைக் கேட்டால், நிலநடுக்க ஊரில் ஆபத்தான கட்டடத்தை விட்டு வெளியேறியது சரி. பராமரிப்பையும் சேர்த்தே ஒப்பந்தம் போட்டதும் சரி. ஆனால் பராமரிப்பைக் கட்டிப்போடுவதற்குத் தனியார் கடன்தான் வேண்டும் என்பதில்லை. நகரம் தன் மலிவான பத்திரத்தில் கட்டடத்தைக் கட்டிவிட்டு, வடிவமைப்பையும் நீண்ட காலப் பராமரிப்பையும் மட்டும் ஒரே ஒப்பந்தத்தில் கொடுக்கலாம். பிடித்தம் பிடிக்கும் விதிகளை அதிலும் எழுதலாம். நிறுவனத்தின் சொந்தப் பணம் உள்ளே இல்லாததால் பிடி கொஞ்சம் தளர்வாக இருக்கும் என்பது உண்மைதான். அதற்காகக் கொடுக்கும் வட்டி வித்தியாசம் தகுமா என்பதை ஒவ்வொரு நகரமும் தன் எண்களை வைத்துப் பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு அந்த எண்கள் மக்கள் கையில் இருக்க வேண்டும்: எல்லா ஆண்டுகளுக்குமான கட்டண அட்டவணை, விலைவாசியோடு அது எப்படி ஏறும் என்ற சூத்திரம், கொடுத்த நிலத்தின் மதிப்பு, ஒப்பீட்டுக்குப் பயன்படுத்திய விகிதம். வரைபடமும் வண்ணப் படமும் பொதுக் கூட்டத்தில் கிடைக்கும் அளவுக்கு இந்த நான்கும் கிடைப்பதில்லை.

லாங் பீச் ஒப்பந்தம் முடிவதற்கு இன்னும் முப்பது ஆண்டுக்கு மேல் இருக்கிறது. கூரையில் எத்தனை ஆண்டு ஆயுள் மிச்சம் இருக்க வேண்டும், லிஃப்ட், ஏசி எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று ஒப்படைக்கும் நிபந்தனைகளை இத்தகைய ஒப்பந்தங்களில் முன்கூட்டியே எழுதிவைப்பார்கள். கடைசிச் சில ஆண்டுகளில் நகரத்தின் சார்பில் பொறியாளர்கள் ஒவ்வொன்றையும் சோதித்து, குறை இருந்தால் கட்டணத்தில் பிடித்துவைக்க வேண்டும். அந்த வேலையைச் செய்யத் தெரிந்த ஆட்களை நகரம் அதுவரை தன் சம்பளப் பட்டியலில் வைத்திருக்க வேண்டும். அந்தச் செலவு எந்த ஆண்டுக் கட்டணத்திலும் சேராது.